நடத்தை விதிகளைக் கடைசியில் எழுதுங்கள்

அலுவலகத்தில் ஒரு எதிக்ஸ் (நெறி) திட்டம் தொடங்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முதலில் உட்காருவது நடத்தை விதிகள் எழுதத்தான். இணையத்தில் கிடைக்கும் நாலைந்து கம்பெனிகளின் விதிப் புத்தகங்களை எடுத்து, பெயரை மாற்றி, தலைவரின் முன்னுரையைச் சேர்த்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிடுவார்கள். பிறகு ஒரு நாள் முதல் புகார் வரும். அதை யார் வாங்குவது, யார் விசாரிப்பது, எத்தனை நாளில் பதில் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியாது. கைமாறிக் கைமாறி, யார் மேல் புகாரோ அவர் மேஜைக்கே அது போய்ச் சேரும்.

அதனால் நான் சொல்வது, தலைகீழாகக் கட்டுங்கள். புகார் வந்தால் என்ன செய்வோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊழியர்களுக்கு வைத்திருக்கும் டார்கெட் அவர்களை எங்கே தள்ளுகிறது என்பதை அடுத்துப் பாருங்கள். பணமும் சலுகையும் எந்தெந்த இடத்தில் கைமாறுகின்றன என்பது அதற்குப் பிறகு. விதிப் புத்தகம் கடைசி.

விதி எழுதுவதில் குறை வைக்காத கம்பெனிதான் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான். 2000 ஜூலையில் அது ஊழியர்களுக்குக் கொடுத்த நெறிக் கையேடு 64 பக்கம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, தலைமை நிதி அதிகாரி ஆண்ட்ரூ ஃபாஸ்டோ, என்ரானோடு வியாபாரம் செய்யும் தனிக் கூட்டு நிறுவனங்களைத் தானே நடத்துவதற்கு இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்திருந்தது. நலன் முரண், அதாவது சொந்த ஆதாயமும் கம்பெனி வேலையும் மோதுவது, பற்றிய விதியிலிருந்து அவருக்கு விலக்கு. அதுவும் ஒளிவு மறைவாக அல்ல, கூட்டத்தில் வைத்து. 2001 டிசம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது. எந்த நெறித் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது விதிகளை அல்ல, விதிவிலக்குப் பதிவேட்டைத்தான். யார் கேட்டார், என்ன காரணம், என்ன பாதுகாப்பு நிபந்தனை, யார் அனுமதித்தார், எந்தத் தேதியோடு முடிகிறது என்று ஐந்து நெடுவரிசை போதும். காலாவதித் தேதி இல்லாத விலக்கு என்றால், அந்த விதியையே அவருக்காக எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். 12 மாதத்துக்கு மேல் எதுவும் போகக்கூடாது. மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு வேண்டுமென்றால், அவர்களிடம் சம்பளமோ பதவி உயர்வோ எதிர்பார்க்காதவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

புகார் வந்த பிறகு

புகார் கொடுக்க ஒரே வழி வைப்பது முதல் தவறு. குறைந்தது மூன்று வேண்டும்: நேரடி மேலாளர், நெறி அலுவலர் (இந்தத் திட்டத்தை நடத்தும் பொறுப்பாளர்), கம்பெனிக்கு வெளியே உள்ள ஒருவர் அல்லது ஹாட்லைன் எனப்படும் புகார் வாங்கும் சேவை. நெறி அலுவலர் மேலோ எச்.ஆர். மேலோ தலைமை அதிகாரி மேலோ புகார் வந்தால் அது எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஹாட்லைன் மென்பொருளில் இதற்கென்றே தானாகத் திசைமாற்றும் வசதி இருக்கும். அதை அமைக்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் கோளாறு. விளைவு, எச்.ஆர். தலைவரைப் பற்றிய புகார் எச்.ஆர். தலைவரின் இன்பாக்ஸில் போய் விழும். சேவையைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பெரிய பதவியின் பெயரிலும் ஒரு சோதனைப் புகார் போட்டு அது எங்கே போகிறது என்று பாருங்கள்.

கால அளவுக்கு, புகார் கொடுப்பவர்களைப் பாதுகாக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் போட்ட உத்தரவு நல்ல அளவுகோல். புகார் கிடைத்தது என்று 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், என்ன செய்தோம் என்பதை அதிலிருந்து 3 மாதத்துக்குள் சொல்ல வேண்டும். 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் உள்ளேயே புகார் வழி வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. உங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாவிட்டாலும் இந்த இரண்டு எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நடைமுறை வேண்டும் என்பவர்களுக்கு, சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2021-ல் வெளியிட்ட 37002 என்ற தரநிலை இருக்கிறது. புகாரைப் பெறுதல், எடைபோடுதல், கையாளுதல், முடித்தல் என்று நாலு கட்டமாக அது பிரிக்கிறது. அது வழிகாட்டி மட்டும்தான், அதற்குச் சான்றிதழ் கிடையாது. லஞ்சத் தடுப்புக்கான ஐ.எஸ்.ஓ. 37001-க்குத்தான் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டுவது தனி வேலை, திட்டம் நடப்பது தனி வேலை என்பதை நிர்வாகத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வந்த புகாரை மூன்றாகப் பிரியுங்கள். உடனடி ஆபத்து உள்ளவை: உயிர், பாதுகாப்பு, ஆதாரம் அழியும் நிலை. இவற்றுக்கு அன்றே வேலை தொடங்க வேண்டும். இரண்டாவது, விசாரணை தேவைப்படுபவை. மூன்றாவது, நெறி சம்பந்தமில்லாத வேலையிடக் குறைகள்: சம்பளத் தாமதம், ஷிஃப்ட் தகராறு, கேன்டீன். மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் அதிகம் வரும். "இது எங்கள் வேலை இல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். கேன்டீன் புகாருக்கு ஒழுங்காகப் பதில் வந்ததைப் பார்த்த ஊழியர்தான் நாளைக்குப் போலி பில்லைப் பற்றியும் சொல்ல வருவார்.

விசாரணையில் வரிசை முக்கியம். முதலில் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்: மின்னஞ்சல் நகல், கணக்கு மென்பொருளின் லாக், வாயிற்பதிவு, கேமரா பதிவு. கேமரா பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதனால் அதை முதல் நாளே கேளுங்கள். பிறகு புகார் கொடுத்தவர், அடுத்து சாட்சிகள், கடைசியில்தான் குற்றம் சாட்டப்பட்டவர். அவரை முதலில் கூப்பிட்டு "உங்கள் மேல் இப்படி ஒரு புகார்" என்று சொன்னால், மாலைக்குள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவார்கள். அதற்காக அவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு இல்லாமல் முடித்துவிடவும் கூடாது. ஆதாரங்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் அவர் விளக்கத்தை எழுதி வாங்காத அறிக்கை பிறகு எங்கும் நிற்காது. பேட்டியில் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. குறிப்பை அன்றே முடித்துத் தேதியும் நேரமும் போடுங்கள். "முழு ரகசியம் காப்போம்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். "தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும்" என்பதுதான் காப்பாற்ற முடிந்த வாக்கு.

புகார் கொடுத்தவர் யார் என்று தேடுவது, இந்தத் திட்டத்தை ஒரே நாளில் கொன்றுவிடக்கூடிய காரியம். 2016-ல் பார்க்லேஸ் வங்கிக்குப் பெயரில்லாத கடிதங்கள் வந்தன. எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜெஸ் ஸ்டேலி வங்கியின் பாதுகாப்புப் பிரிவையே ஏவினார். 2018-ல் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்புகள் அவருக்கு 6,42,430 பவுண்டு அபராதம் போட்டன. இத்தனைக்கும் பாதுகாப்புப் பிரிவு எழுதியவரைக் கண்டுபிடிக்கவில்லை, தேடியதற்கே அபராதம்.

பெரிய மனிதர்கள் தேடுவதைவிட, சின்னச் சின்னக் கவனக்குறைவால் பெயர் வெளியே வருவதுதான் அதிகம். ஆறு பேர் உள்ள பிரிவில் "இரவு ஷிஃப்டில் வேலை செய்யும் ஒருவர் சொன்னார்" என்று அறிக்கையில் எழுதினால் அது பெயரை எழுதியது போலத்தான். புகார்ப் பட்டியலை எல்லோரும் திறக்கும் ஷேர்டு டிரைவில் எக்ஸெல் கோப்பாக வைப்பதும், அசல் மின்னஞ்சலை அப்படியே ஃபார்வர்டு செய்வதும் இதே ரகம். புகாரை வாங்குபவர், அதன் சாரத்தைத் தன் சொற்களில் திரும்ப எழுதித்தான் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

பழிவாங்கலைப் பற்றி எல்லா விதிப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கும், "சகித்துக்கொள்ள மாட்டோம்" என்று. பழிவாங்கல் வேலைநீக்கக் கடிதமாக வருவது குறைவு. மதிப்பீட்டில் ஒரு புள்ளி குறையும், வசதியான ஷிஃப்ட் போகும், வழக்கமாக வரும் மீட்டிங் அழைப்பு நின்றுபோகும், புது புராஜெக்டில் பெயர் இருக்காது. சம்பந்தப்பட்டவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் தெரியவராது. புகார் கொடுத்தவருக்கும் சாட்சி சொன்னவர்களுக்கும் 30, 90, 180 நாள், ஓராண்டு என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்தந்தத் தேதியில் அவர்களுடைய மதிப்பீடு, இடமாற்றம், போனஸ், விடுப்பு மறுப்பு ஆகியவற்றை அதே பிரிவின் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பத்து நிமிட வேலை. நான் பார்த்தவரை இதைச் செய்யும் இடங்கள் மிகக் குறைவு.

டார்கெட்

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் பயிற்சி இருந்தது, ஹாட்லைன் இருந்தது, விதிகள் இருந்தன. கூடவே ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டுத் திட்டங்களை விற்க வேண்டும் என்ற இலக்கும் இருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் வந்தது. அதற்குள் சுமார் 5,300 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். 2020-ல் அமெரிக்க அரசோடு 300 கோடி டாலருக்குச் சமரசம். மோசடி நடப்பதாகச் சந்தேகப்பட்டு மேலாளர்களிடமும் ஹாட்லைனிலும் சொன்ன ஒரு அதிகாரி 2010-ல் வேலையை இழந்தார். அவரைத் திரும்பச் சேர்த்து 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி தொழிலாளர் துறை உத்தரவிட்டபோது 2017 ஆகிவிட்டது.

இங்கே செய்ய வேண்டியது இதுதான். கம்பெனியில் உள்ள எல்லா ஊக்கத்தொகைத் திட்டங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இதை ஏமாற்ற மிகச் சுலபமான வழி எது?" என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அந்த வேலையைச் செய்பவர்களிடமே கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அடுத்த நெடுவரிசையில், அந்த வழியில் யாராவது போனால் எந்த எண்ணில் அது தெரியும் என்று எழுதுங்கள். விற்பனையில் மாதக் கடைசி மூன்று நாளில் குவியும் ஆர்டர்களும், அடுத்த மாத முதல் வாரத்தில் வரும் ரத்துகளும். பாதுகாப்பில், விபத்து இல்லாத நாட்களுக்குப் பரிசு வைத்த பிறகு திடீரென்று காணாமல் போகும் சின்னக் காயங்கள். கொள்முதலில், கூடுதல் ஒப்புதல் தேவைப்படும் வரம்புக்குச் சற்றே கீழே வரிசையாக நிற்கும் பில்கள். தரப் பரிசோதனையில் எல்லா அளவீடும் அனுமதி எல்லைக்கு உள்ளேயே, எல்லையை ஒட்டியே விழுவது.

குற்றவியல் அறிஞர் டொனால்ட் கிரெஸ்ஸி 1950-களில் பணமோசடி செய்து சிறையில் இருந்தவர்களிடம் பேசி எழுதியதிலிருந்து வந்ததுதான் இன்று எல்லோரும் சொல்லும் மோசடி முக்கோணம்: நெருக்கடி, வாய்ப்பு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். பயிற்சி வகுப்பு மூன்றாவதை மட்டும் கொஞ்சம் தொடும். முதல் இரண்டும் டார்கெட் வைப்பவர் கையிலும் ஒப்புதல் முறையை அமைப்பவர் கையிலும்தான் இருக்கின்றன. நெறி அலுவலர் போனஸ் திட்டக் கூட்டத்தில் உட்காரவில்லை என்றால் அந்தப் பதவியே பாதிக் கண்துடைப்பு.

பணம் போகும் வழி

ஆபத்துப் பட்டியல் என்று நூறு வரி எக்ஸெல் போடுபவர்கள் உண்டு. யாரும் படிப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வரி போதும். கொள்முதல், தள்ளுபடி, ஆள் எடுப்பு, இடைத்தரகர், அரசு அனுமதி, செலவுக் கணக்கு, நன்கொடை, கையிருப்பு, வாடிக்கையாளர் தகவல் என்று பணமோ சலுகையோ கைமாறும் இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யக்கூடிய காரியம் எது என்று பாருங்கள். வெண்டரைச் சேர்ப்பவரும், ஆர்டர் போடுபவரும், சரக்கு வந்ததென்று கையெழுத்துப் போடுபவரும், பணம் விடுவிப்பவரும் நாலு பேராக இருக்க முடியாவிட்டால் இரண்டு பேராவது இருக்க வேண்டும். வெண்டரின் வங்கிக் கணக்கு எண் மாறினால், பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். மாற்றம் கேட்டு வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணில் கூப்பிடக் கூடாது. வெண்டர்களின் வங்கிக் கணக்கு எண்களையும் ஊழியர்களின் சம்பளக் கணக்கு எண்களையும் ஆண்டுக்கு இரண்டு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தும் வரி ஏதாவது வந்தால் அன்றே வேலை இருக்கிறது.

பெரிய லஞ்ச வழக்குகளில் பணம் பெரும்பாலும் நேராகப் போவதில்லை, "ஆலோசகர்" வழியாகப் போகும். ஜெர்மன் கம்பெனியான சீமென்ஸ் 2008 டிசம்பரில் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சேர்த்து ஏறத்தாழ 160 கோடி டாலர் கட்ட நேர்ந்த வழக்கில் ஆலோசனை ஒப்பந்தங்கள்தான் முக்கிய வழி. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம், 2011 ஜூலை முதல், உங்களுக்காக வேலை செய்பவர் உங்கள் ஆதாயத்துக்காக லஞ்சம் கொடுத்தால் அதைத் தடுக்கத் தவறிய குற்றத்தை நிறுவனத்தின் மேலேயே வைக்கிறது. தப்பிக்க ஒரே வழி, போதுமான தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று நிரூபிப்பதுதான். எனவே எந்த ஏஜெண்டைச் சேர்த்தாலும் நாலு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். அவர் என்ன வேலை செய்யப்போகிறார்? அவரை யார் சிபாரிசு செய்தார்கள்? கமிஷன் ஏன் இத்தனை சதவீதம்? பணம் எந்த நாட்டில், யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது? சிபாரிசு செய்தவர் அரசு அதிகாரியாகவோ கணக்கு வேறொரு நாட்டிலோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பில்லில் "சேவைக் கட்டணம்" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், என்ன சேவை என்பதற்கு அறிக்கையோ, கூட்டக் குறிப்போ, கடிதமோ இல்லாமல் பணம் விடக்கூடாது.

நலன் முரணும் பரிசும்

நலன் முரண் இருப்பது தவறில்லை. மைத்துனர் ஒரு அச்சகம் நடத்துவது யார் குற்றமும் அல்ல. அதைச் சொல்லாமல் அந்த அச்சகத்துக்கு ஆர்டர் போடுவதுதான் தவறு. இதை இப்படியே சொன்னால்தான் ஊழியர்கள் படிவத்தை நிரப்புவார்கள். படிவத்தில் நாலு கேள்வி: எங்களோடு வியாபாரம் செய்யும் நிறுவனத்தில் உங்களுக்கோ நெருங்கிய உறவுக்கோ பங்கு, வேலை, கடன் உண்டா? வேறு வேலை செய்கிறீர்களா? உங்களுக்குக் கீழேயோ மேலேயோ உறவினர் இருக்கிறாரா? வேறு ஏதாவது, வெளியில் தெரிந்தால் சங்கடம் தருவது? ஆண்டுக்கு ஒரு முறை நிரப்ப வேண்டும், நிலைமை மாறினால் 30 நாளுக்குள்.

படிவம் வந்த பிறகுதான் உண்மையில் கோட்டை விடுகிறார்கள். வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, அச்சகத்தின் டெண்டர் வரும்போது அதே ஆள் கமிட்டியில் உட்கார்ந்திருப்பார். "அதான் சொல்லிட்டேனே" என்பார். அவர் சொன்னதும் உண்மைதான். ஒவ்வொரு அறிவிப்புக்கும் எதிரே ஒரு முடிவு எழுதப்பட வேண்டும்: எந்த முடிவுகளிலிருந்து அவர் விலக வேண்டும், அவருக்குப் பதில் யார், இது யாருக்குத் தெரிவிக்கப்பட்டது. கொள்முதல் பிரிவுக்குத் தெரியாத அறிவிப்பால் பயனில்லை.

பரிசு விதியில் "நியாயமான", "சாதாரண", "அதிகப்படியான" என்ற சொற்கள் எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள். "அதிகப்படியான பரிசுகளைத் தவிர்க்கவும்" என்பது ஒருவரையும் தடுக்காது. இப்படி எழுதலாம்: "பணமோ பரிசுக் கூப்பனோ எந்தத் தொகையிலும் வாங்கக் கூடாது. டெண்டர் நடக்கும் காலத்தில் அதில் கலந்துகொள்பவரிடம் ஒரு டீகூட வேண்டாம். மற்ற நேரத்தில் ஒரு வெண்டரிடமிருந்து ஆண்டுக்கு மொத்தம் இந்தத் தொகை வரை வாங்கலாம், ஏழு நாளில் பதிவேட்டில் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்துசேர்ந்த பரிசைத் திருப்ப முடியாவிட்டால் நெறி அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும்." ஒரு முறைக்கு இவ்வளவு என்று மட்டும் வரம்பு வைத்தால் அந்த வரம்புக்குக் கீழே மாதாமாதம் வரும். ஆண்டு மொத்தம் என்று வைப்பது அதனால்தான்.

இப்போது விதிகள்

மேலே சொன்ன வேலையெல்லாம் முடிந்திருந்தால் விதிப் புத்தகம் ஏறக்குறையத் தானாக எழுந்துவிடும். பன்னிரண்டு பதினைந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தலைப்பிலும் என்ன செய்யலாம், என்ன கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்ற மூன்றும் இருந்தால் போதும். வேலை செய்பவர்கள் பேசும் மொழிகளிலெல்லாம் இருக்க வேண்டும். வக்கீலிடம் காட்டுவதற்கு முன் கடைநிலை ஊழியர் ஐந்து பேரிடம் கொடுத்து, ஒரு சூழ்நிலையைச் சொல்லி, "இதில் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். இரண்டு பேர் வேறு வேறு பதில் சொன்னால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.

பயிற்சியை எல்லோருக்கும் ஒரே வீடியோவாகப் போடாதீர்கள். கொள்முதலுக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, 20 நிமிடம், அவர்கள் மேஜையில் நடக்கும் இரண்டு சிக்கல்களோடு. ஆனால் யார் எப்போது என்ன பயிற்சி எடுத்தார் என்ற பதிவு கண்டிப்பாக வேண்டும். 2012-ல் மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் ஒரு நிர்வாக இயக்குநர் லஞ்சத் தடுப்புச் சட்டம் தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் அமெரிக்க அரசின் நீதித்துறை அந்த வங்கியின் மேல் வழக்குப் போடவில்லை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அவருக்கு ஏழு முறை பயிற்சி கொடுத்ததும், குறைந்தது 35 முறை நினைவூட்டியதும் பதிவில் இருந்தது.

மேலாளர்களுக்குத்தான் தனிப் பயிற்சி தேவை. ஊழியர் பெரும்பாலும் ஹாட்லைனைத் தேடுவதில்லை, மேலாளரின் அறைக் கதவில்தான் வந்து நிற்பார். "சார், ஒரு விஷயம்..." என்று தொடங்குவார். அப்போது மேலாளர் "உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டாலே அவர் பின்வாங்கிவிடுவார். "வந்து சொன்னது நல்லது. நான் யாரிடமும் விசாரிக்கப் போவதில்லை, இதை இன்றைக்கே நெறி அலுவலரிடம் சேர்த்துவிடுகிறேன். ஏழு நாளுக்குள் உங்களிடம் பேசுவார்கள்." இவ்வளவுதான் பேச வேண்டியது. மேலாளர் தானே துப்பறியக் கிளம்பினால் ஆதாரம் கலைந்துவிடும்.

விதியைப் பின்பற்றும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. மேலதிகாரி வாய்மொழியாக ஏதோ சொல்கிறார், நெருடலாக இருக்கிறது, நேருக்கு நேர் மறுக்கவும் முடியவில்லை. அன்றே ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள்: "மார்ச் மாத பில்லைப் பிப்ரவரி தேதியில் பதியச் சொன்னீர்கள் என்று புரிந்துகொண்டேன், சரிதானே சார்? கணக்குப் பிரிவின் ஒப்புதலும் சேர்த்து வாங்கிவிடவா?" குற்றச்சாட்டே இல்லாத மின்னஞ்சல்தான் இது. பாதி நேரம் அந்த உத்தரவே காணாமல் போய்விடும். மீதி நேரம் உங்களிடம் பதிவு இருக்கும்.

தண்டனையில் ஒரே அளவுகோல் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நிறையச் சம்பாதித்துக் கொடுக்கும் ஆள் மாட்டும் வரை. முன்கூட்டியே ஒரு அட்டவணை போடுங்கள்: தவறின் வகை, முதல் முறை, மறுமுறை, போனஸ் பிடித்தம் உண்டா இல்லையா. முடிந்த வழக்குகளைப் பெயர், பிரிவு, நகரம் எதுவும் இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊழியர்களுக்குச் சொல்லுங்கள். "செலவுக் கணக்கில் போலி ரசீது, மேலாளர் நிலை, வேலைநீக்கம்" என்ற ஒரு வரி போதும். எந்தப் பயிற்சி வீடியோவையும் விட இந்த வரியைத்தான் ஊழியர்கள் விடாமல் படிப்பார்கள்.

திட்டம் நடக்கிறதா என்று அளக்கப் பயிற்சி முடித்தவர் சதவீதத்தைக் காட்டுவது வழக்கம். அது வருகைப் பதிவேடு, அவ்வளவுதான். பார்க்க வேண்டியவை: 100 ஊழியருக்கு எத்தனை புகார், அதில் பெயர் சொல்லி வந்தவை எத்தனை, முடிக்க எடுத்த நாட்கள், உண்மை என்று நிரூபணமான பங்கு. புகார் பூஜ்யம் என்றால் நிர்வாகம் சந்தோஷப்படும், நான் பயப்படுவேன். மோசடி ஆய்வாளர்களின் உலகச் சங்கமான ஏ.சி.எஃப்.இ. 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், கண்டுபிடிக்கப்பட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ கொடுத்த தகவலால்தான் வெளியே வந்தவை. அந்தத் தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்களிடமிருந்து. ஆடிட்டரை மட்டும் நம்பியிருப்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்க்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை, முடித்துவைத்த கோப்புகளில் பத்தை எடுத்து, அவற்றில் சம்பந்தப்படாத ஒருவரிடம் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படிக்கக் கொடுங்கள். அமெரிக்க நீதித்துறை 2017-லிருந்து வெளியிட்டுவரும் மதிப்பீட்டு வழிகாட்டி கடைசியில் மூன்று கேள்விகளில் வந்து நிற்கிறது: திட்டம் நன்றாக வடிவமைக்கப்பட்டதா, ஆளும் அதிகாரமும் கொடுத்து மனப்பூர்வமாக நடத்தப்படுகிறதா, நடைமுறையில் வேலை செய்கிறதா. மூன்றாவது கேள்விக்குப் பதில் அந்தப் பத்துக் கோப்பில்தான் இருக்கும். நெறி அலுவலர் நேரடியாக இயக்குநர் குழுவிடம், நிர்வாகம் இல்லாத அறையில், ஆண்டுக்கு இரண்டு முறையாவது பேசுகிறாரா என்பதையும் கூடவே பாருங்கள். அவரை நீக்கும் அதிகாரம் தலைமை அதிகாரிக்கு மட்டும் இருந்தால், தலைமை அதிகாரி மேல் வரும் புகாரை அவர் எப்படி விசாரிப்பார்?

முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். முழுநேர அலுவலர் தேவையில்லை. கம்பெனியின் வழக்கமான வக்கீலோ ஆடிட்டரோ அல்லாத ஒரு வெளி வக்கீலைப் புகார் வாங்குபவராக வைக்கலாம். ஒரு புகாருக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசிக்கொண்டால், புகார் வராத மாதத்தில் செலவும் இல்லை. வழக்கமான வக்கீல் ஏன் கூடாது என்றால், முதலாளி மேல் வழக்கு வரும் நாளில் முதலாளிக்காக நிற்கப்போவது அவர்தான். விதிவிலக்கு, நலன் முரண், பரிசு, புகார் நாலுக்கும் நாலு நோட்டுகள். புகார் நோட்டு மட்டும் வெளி வக்கீலிடம். அவருடைய தொலைபேசி எண்ணை நோட்டீஸ் போர்டில் போட வேண்டாம், அதன் முன் நின்று எழுதிக்கொள்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். மாதச் சம்பளச் சீட்டின் அடியில் அச்சடித்துவிடுங்கள்.